சிசில் குடும்பத்தார்: திறமையா, நிலமா?

வாசகர் கேள்வி, 4 பிப்ரவரி

நம் ஊரில் வாரிசு அரசியல் என்றாலே முகம் சுளிக்கிறோம். பிரிட்டனில் சிசில் குடும்பம் முதலாம் எலிசபெத் காலத்திலிருந்து அரசியலில் இருக்கிறது. ஆனால் அவர்கள் படித்தவர்கள், உழைப்பாளிகள். தலைமுறைதோறும் அறிவாளிகள் பிறந்ததால்தான் நானூறு ஆண்டு நிலைத்தார்கள். யாராவது மறுக்க முடியுமா?

4 பிப்ரவரி, இரவு

நான் மறுக்கிறேன். அறிவாளிகள் பிறந்தார்கள் என்பது உண்மை. தலைமுறைதோறும் பிறந்தார்கள் என்பது கட்டுக்கதை.

முதலில் வில்லியம் சிசில், பர்லி பிரபு. 1558இல் எலிசபெத் பட்டத்துக்கு வந்தவுடன் அரசுச் செயலரானார். 1572 முதல் கருவூலத் தலைவர். 1598இல் சாகும்வரை அரசியின் பக்கத்தை விட்டு நகரவில்லை. இவர் ஒன்றும் பழம்பெரும் பிரபு வம்சத்தில் வந்தவர் அல்லர். பாட்டனார் வேல்ஸ் எல்லைப் பக்கமிருந்து ஏழாம் ஹென்றியின் படையோடு வந்து மெய்க்காவலராக இருந்தவர். அடுத்து மகன் ராபர்ட் சிசில். குள்ளமான உருவம், வளைந்த முதுகு. அரசி 'குள்ளன்' என்பார், அடுத்து வந்த முதலாம் ஜேம்ஸ் அவரைத் தன் 'குட்டி வேட்டைநாய்' என்பார். இரண்டையும் பொறுத்துக்கொண்டு இரண்டு ஆட்சியையும் நடத்தினார். எலிசபெத் உயிரோடு இருக்கும்போதே ஸ்காட்லாந்தில் இருந்த ஜேம்ஸுக்கு ரகசியக் கடிதங்கள் எழுதி வாரிசுரிமையை ஏற்பாடு செய்துவிட்டார். 1605இல் சாலிஸ்பரி எர்ல் என்ற பிரபுப் பட்டம்; வாரிசுகளுக்கும் அதே பெயர்தான். ஸ்பெயின் அரசனிடமிருந்து ஓய்வூதியம் என்ற பெயரில் பணமும் வாங்கிக்கொண்டிருந்தார். 1612இல் இறந்தார்.

அதன் பிறகு பெயர் சொல்லும்படியான அடுத்த சாலிஸ்பரி 1830இல்தான் பிறக்கிறார். இடையில் இருநூறு ஆண்டுக்கு மேல். அந்த அறிவாளிகள் எங்கே போனார்கள்?

5 பிப்ரவரி

"இடையில் இருந்தவர்களும் அமைச்சர்கள்தானே" என்று திருச்சி நண்பர் எழுதியிருக்கிறார். ஐயா, பட்டியலைப் பார்ப்போம். இரண்டாவது எர்ல் உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத்தின் பக்கம் சாய்ந்தார். மன்னராட்சி திரும்பியபோதும் நிலம் கைவிட்டுப் போகவில்லை. நான்காவது எர்ல் இரண்டாம் ஜேம்ஸைப் பார்த்துக் கத்தோலிக்கராக மாறினார். அடுத்த ஆண்டே அந்த அரசன் ஓடிப்போனான். இவர் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார். ஏழாவது எர்ல் அரண்மனைச் சடங்குகளை மேற்பார்த்து 1789இல் எர்லுக்கும் ஒரு படி மேலான மார்க்குவிஸ் ஆனார். அவருடைய மனைவி முதுமையிலும் குதிரையேறி வேட்டைக்குப் போனவர். 1835இல் குடும்பத்தின் ஹாட்ஃபீல்ட் மாளிகையின் மேற்குச் சிறகு எரிந்தபோது அதிலேயே மாண்டார். இரண்டாவது மார்க்குவிஸ் 1821இல் காஸ்கோய்ன் குடும்பத்து ஒரே மகளை மணந்தார். லிவர்பூல் பக்கமும் எசெக்ஸிலும் இருந்த அவள் சொத்து வந்து சேர்ந்தது. நன்றிக்கடனாகக் குடும்பப் பெயரையே காஸ்கோய்ன்-சிசில் என்று நீட்டிக்கொண்டார்கள்.

வருவாய்த்துறையில் வேலை பார்த்தவன் நான். பழைய பட்டா, சிட்டா, அடங்கல்களைப் புரட்டும்போது ஒன்று கண்ணில் படும்: பெயர் மாறாமல் நூறு வருடம் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் நிலத்தில், நடுவில் இரண்டு தலைமுறை சீட்டாடியே தீர்த்திருக்கும். ஆனாலும் நிலம் போயிருக்காது, ஏனென்றால் விற்க முடியாதபடி எழுதிவைத்திருப்பார்கள். இங்கிலாந்தில் அதைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள். பட்டமும் மாளிகையும் மூத்த மகனுக்கு; இளையவர்கள் படைக்கோ தேவாலயத்துக்கோ மக்களவைக்கோ போகலாம். சொத்து துண்டாவதில்லை. முட்டாள் பிறந்தாலும் குடும்பம் காத்திருக்கலாம். நம் பக்கத்துப் பண்ணைகள் பாகப்பிரிவினையிலேயே பாதி கரைந்தன.

5 பிப்ரவரி, சற்றுப் பின்

முட்டாள் என்பது கடுமையான சொல் என்கிறார் ஒரு அம்மையார். சரி, சுமாரானவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

8 பிப்ரவரி

மூன்றாவது மார்க்குவிஸுக்கு வருவோம். பிரதமரானவர் இவர்தான், மூன்று முறை: 1885–86, 1886–92, 1895–1902.

பிறந்தபோது இவர் வாரிசே இல்லை. உடல்நலமற்ற ஓர் அண்ணன் இருந்தார். ஈட்டன் பள்ளியில் மற்ற பையன்கள் அடித்துத் துன்புறுத்தியதில் பதினைந்து வயதில் அப்பா வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார். ஆக்ஸ்ஃபர்டில் கணிதத்தில் கௌரவ நான்காம் வகுப்பு, அதுவும் உடல்நலத்தைக் காரணம் காட்டி. பிறகு தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று கப்பல் பயணம். திரும்பி வந்ததும், 1853இல், ஸ்டாம்ஃபர்ட் தொகுதியின் உறுப்பினர். அது உறவுக்காரரான எக்ஸெட்டர் மார்க்குவிஸின் செல்வாக்கில் இருந்த ஊர். போட்டி இல்லை. 1868இல் அப்பா இறந்து பிரபுக்கள் அவைக்குப் போகும்வரை பதினைந்து ஆண்டு அந்தத் தொகுதியில் இவரை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. மூன்று முறை பிரதமராக இருந்தவர் வாழ்நாளில் ஒரு தேர்தல் போட்டியைக்கூடச் சந்தித்ததில்லை!

நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1857இல் ஒரு நீதிபதியின் மகளான ஜார்ஜினாவைத் திருமணம் செய்தார். பிரபு குடும்பத்துப் பெண் அல்ல என்று அப்பா கடும் எதிர்ப்பு. கையில் காசு குறைவு. பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதித்தான் குடும்பம் நடத்தினார், எழுதிக் குவித்தார். நாக்கில் நஞ்சு தடவிய நடை. ஆக, உழைக்கத் தெரிந்த மனிதர்தான். எழுதிய பத்திரிகைகளில் ஒன்று அக்காள் கணவருடையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9 பிப்ரவரி

நேரில் பார்த்ததைச் சொல்லும்படி ஒருவர் கேட்டார். மகன் அந்தப் பக்கம் வேலையில் இருந்தபோது போனேன். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ரயில். ஹாட்ஃபீல்ட் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சாலைக்கு அப்பால் மாளிகையின் வாயில். அதன் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடி மூன்றாவது மார்க்குவிஸின் வெண்கலச் சிலை, தாடியும் அங்கியுமாக. ரயிலில் வந்து இறங்குகிறவர்களை மனு வாங்குகிற அதிகாரி பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உள்ளே கறுப்பு வெள்ளைச் சதுரங்கத் தரையோடு பளிங்குக் கூடம். எலிசபெத்தின் புகழ்பெற்ற ஓவியம் ஒன்று இருக்கிறது; மேலங்கி முழுக்கக் கண்களும் காதுகளும் வரைந்திருக்கிறார்கள். ஒற்றர் வலையை வைத்துப் பிழைத்த குடும்பத்தின் சுவருக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. படிக்கட்டின் அடியில் மரத்தால் செதுக்கிய இரட்டைக் கதவு இருக்கிறது. எதற்கு என்று கேட்டேன். நாய்கள் மாடிக்கு ஏறாமல் தடுக்கவாம். என் மருமகள், "நம் வீட்டு வாசல் கதவே இவ்வளவு வேலைப்பாடு இல்லை மாமா" என்றாள்.

பக்கத்தில் பழைய அரண்மனை, பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓர் ஆயர் கட்டியது. எலிசபெத் சிறுமியாக வளர்ந்த இடம். நான்கு பக்கம் இருந்ததில் மூன்றை இடித்து, அந்தச் செங்கல்லை ராபர்ட் சிசில் புது மாளிகைக்குப் பயன்படுத்திக்கொண்டார். ஜேம்ஸ் மன்னர் சிசிலின் தியோபால்ட்ஸ் மாளிகைமேல் ஆசைப்பட்டு, 1607இல் ஹாட்ஃபீல்டைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். 1611இல் கட்டி முடிந்தது, 1612இல் கட்டியவர் போய்விட்டார். கடனை மட்டும் வஞ்சனையில்லாமல் விட்டுப்போனார்.

13 பிப்ரவரி

"இதெல்லாம் அவர்கள் வீட்டுக் கதை, நமக்கென்ன" என்று எழுதியவருக்கு: நமக்கும் உண்டு. நன்றாகவே உண்டு.

1866 ஜூலையில் நம் மூன்றாவது மார்க்குவிஸ் இந்தியாவுக்கான அமைச்சரானார். வயது 36. அப்போது ஒரிசாவில் பஞ்சம். நிலைமை மோசமில்லை என்று அதிகாரிகள் எழுதியதை நம்பி இரண்டு மாதம் சும்மா இருந்தார். அதற்குள் பருவமழை துறைமுகங்களை அடைத்துவிட்டது. தானியக் கப்பல் போக வழியில்லை. பத்து லட்சம் பேர் இறந்தார்கள் என்று கணக்கு. இரண்டு மாதம் நான் ஒன்றும் செய்யவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். கடைசிவரை அது அவரை உறுத்தியது என்று எழுதுகிறார்கள். இருக்கலாம்.

ஆனால் அடுத்த சில மாதங்களில் நடந்ததைப் பாருங்கள். 1867 பிப்ரவரியில் நிதியமைச்சர் டிஸ்ரேலி வாக்குரிமையை விரிவாக்கும் மசோதாவைக் கொண்டுவருகிறார். ஒரு ஞாயிறு இரவு இவர் தனியாக உட்கார்ந்து, நகரம் நகரமாகப் புள்ளிவிவரத்தை எடுத்து, எந்த ஊரில் எத்தனை தொழிலாளிக்கு ஓட்டு வரும் என்று கணக்குப் போட்டார். தொழிலாளர் ஓட்டு மிஞ்சிவிடாமல் இருக்க டிஸ்ரேலி சொன்ன பாதுகாப்புகள் சின்ன ஊர்களில் நிற்காது என்று கண்டுபிடித்து, மார்ச்சில் பதவியை விட்டு விலகினார். அதாவது அதிகாரிகள் தந்த எண்ணை நம்பாமல் தானே கூட்டிக் கழித்துப் பார்க்க அவருக்குத் தெரியும். ஓட்டுக்காகச் செய்தார். ஒரிசாவுக்காகச் செய்யவில்லை. பதவி விலகியதும் பஞ்சத்துக்காக அல்ல.

1874இல் மறுபடி அதே பதவி, 1878 வசந்தம் வரை. அந்தக் காலத்தில்தான் நம் தாது வருடப் பஞ்சம். வைஸ்ராய் லிட்டன் 1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடத்துகிறார். சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருக்கிறது. சென்னை அரசு தானியம் வாங்கி இருப்பு வைக்க முயன்றது லிட்டனுக்குப் பிடிக்கவில்லை. ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பினார். டெம்பிள் வந்து, நிவாரண வேலையில் உடலுழைக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் நாம் சொல்லும் அரைக்கிலோகூட இல்லை. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர் தாங்காது என்று எழுதி எழுதிப் போராடிய பிறகு அளவைச் சற்றுக் கூட்டினார்கள். கப்பல்களில் தானியம் வெளியே போவது நிற்கவில்லை.

இதே அமைச்சர்தான் 1875இல் ஒரு குறிப்பில், இந்தியாவின் ரத்தத்தை எடுத்தாக வேண்டும் என்றால் ரத்தம் தேங்கியிருக்கும் இடத்தில் கத்தியை வைக்கவேண்டும், ஏற்கெனவே சோகை பிடித்த இடத்தில் அல்ல என்று எழுதினார். வரிச்சுமை விவசாயிமேல் விழக்கூடாது என்பது அதன் பொருள். தாதாபாய் நவ்ரோஜி அதைப் பல மேடைகளில் திருப்பித் திருப்பி எடுத்துக்காட்டினார். படிக்கும்போது என்னை உறுத்துவது அதன் தெளிவுதான். நோயாளிக்கு என்ன ஆகிறது என்று மருத்துவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

1877 ஜூனில் லிட்டனுக்கு இவர் எழுதிய கடிதம் ஆங்கிலத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: நிபுணர்களை நம்பாதே, மருத்துவரை நம்பினால் எதுவும் உடம்புக்கு நல்லதில்லை, பாதிரியாரை நம்பினால் எதுவும் பாவமற்றதில்லை, சிப்பாயை நம்பினால் எதுவும் பத்திரமில்லை என்று. ரஷ்ய பயத்தைப் பற்றி எழுதியது அது. அழகான வாக்கியம், மறுக்கவில்லை. அந்த ஜூன் மாதம் சேலத்திலும் பெல்லாரியிலும் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

14 பிப்ரவரி

சென்னை நண்பர் பக்கிங்ஹாம் கால்வாயை நினைவூட்டினார். ஆம், அதுவும் அந்தப் பஞ்சத்தின் குழந்தை. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை 1877–78இல் நிவாரண வேலையாக வெட்டினார்கள். பெயர் கொடுத்த ஆளுநர் பக்கிங்ஹாம் டியூக்கும் பிரபு குடும்பத்து அரசியல்வாதியே. ஆனால் இவருடைய அப்பா திவாலானவர். 1848இல் ஸ்டோ மாளிகையின் கட்டில் நாற்காலி வரை ஏலம் போனது. தானியம் வாங்க முயன்று லிட்டனோடு மல்லுக்கு நின்றது இவருடைய அரசுதான். வீட்டில் ஏலம் பார்த்தவருக்கு இல்லாமை கொஞ்சம் புரிந்திருக்குமோ என்று தோன்றுகிறது. நிரூபிக்க முடியாத எண்ணம், விட்டுவிடுங்கள்.

17 பிப்ரவரி

நவ்ரோஜி பெயர் வந்ததால் இதையும் முடித்துவிடுகிறேன். 1886இல் அவர் லண்டன் ஹோல்பர்ன் தொகுதியில் நின்று தோற்றார். 1888 நவம்பரில் எடின்பரோவில் பேசிய பிரதமர் சாலிஸ்பரி, அதாவது நம் மூன்றாவது மார்க்குவிஸ், ஒரு பிரிட்டிஷ் தொகுதி கறுப்பு மனிதரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு நாம் இன்னும் வந்துவிட்டதாகத் தெரியவில்லை என்றார். பெரிய கூச்சல் எழுந்தது. யார் என்று தெரியாதவருக்கும் நவ்ரோஜி யார் என்று தெரிந்துபோனது. 1892இல் மத்திய ஃபின்ஸ்பரியில் ஐந்து வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதே தேர்தலில் சாலிஸ்பரியின் ஆட்சி போயிற்று.

20 பிப்ரவரி

பால்ஃபரைப் பற்றிச் சொல்லாமல் வாரிசு அரசியல் பேச்சு நிறைவடையாது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

ஆர்தர் பால்ஃபர் சாலிஸ்பரியின் சகோதரி மகன். தத்துவப் புத்தகம் எழுதியவர், சோபாவில் சாய்ந்தே வாழ்ந்தவர் என்று பெயர். 1887இல் மாமா இவரை அயர்லாந்து விவகார அமைச்சராக்கியபோது சிரித்தார்கள். அந்த ஆண்டே மிட்செல்ஸ்டவுனில் போலீஸ் சுட்டதில் மூவர் இறந்தார்கள். 'ரத்தக்கறை பால்ஃபர்' என்று பெயர் வந்தது. 1900 அமைச்சரவை மாற்றத்தில் ஒரு சகோதரி மகன் கருவூலத்தின் முதல் பிரபு, இன்னொரு சகோதரி மகன் வர்த்தக வாரியத் தலைவர், மருமகன் கடற்படை அமைச்சர், மூத்த மகன் வெளியுறவுத் துணை அமைச்சர். லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில், குடும்பத்தின் பழைய நிலத்தில் 1896இல் 'ஹோட்டல் சிசில்' என்ற பிரம்மாண்டமான விடுதி திறந்திருந்தது. அந்தப் பெயரையே அமைச்சரவைக்கும் சூட்டிவிட்டார்கள். 1902இல் மாமா இறங்க, மருமான் ஏறினார். நம் ஊர்ச் சுவரொட்டி எழுதுகிறவர்கள் இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது.

ஆனால் பால்ஃபர் தகுதியற்றவர் என்று நான் சொல்லமாட்டேன். 1902 கல்விச் சட்டம் அவருடைய உழைப்பு. 1906இல் பிரதமர் பதவி போன கையோடு தன் மான்செஸ்டர் தொகுதியிலேயே தோற்றார். வேறு யாராக இருந்தாலும் கதை அங்கே முடிந்திருக்கும். இவர் பதினொரு ஆண்டு கழித்து வெளியுறவு அமைச்சராகப் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைவதை ஆதரிக்கும் அந்தப் புகழ்பெற்ற கடிதத்தில் கையெழுத்திட்டார். அப்போது அவருக்குக் கீழே அதே அமைச்சகத்தில் இருந்தவர் யார்? தாய்மாமன் மகன் ராபர்ட் சிசில்.

21 பிப்ரவரி

ராபர்ட் சிசில் விஷயத்தில் எனக்கே இரண்டு மனம். சாலிஸ்பரியின் மூன்றாவது மகன். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர். முதல் உலகப் போரில் ஜெர்மனியை முற்றுகையிடும் துறைக்கு அமைச்சராக இருந்துகொண்டே, 1916இல் போரைத் தடுக்க ஓர் அமைப்பு வேண்டும் என்று குறிப்பு எழுதினார். பிறகு அப்படி உருவான நாடுகளின் சங்கமே (லீக் ஆஃப் நேஷன்ஸ்) வாழ்க்கை. 1937இல் நோபல் அமைதிப் பரிசு. அந்தப் போரில் மூன்றாவது மார்க்குவிஸின் பேரன்கள் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அதில் மூவர் ஒரே வீட்டுப் பிள்ளைகள், எக்ஸெட்டர் ஆயரான வில்லியமின் மகன்கள். இதைப் படித்த பிறகு இந்தக் குடும்பத்தைக் கிண்டல் செய்ய இரண்டு நாள் கை வரவில்லை.

24 பிப்ரவரி

கை வந்துவிட்டது.

முதுமையில் பருமனான சாலிஸ்பரி உடற்பயிற்சிக்காக மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டினார். மேட்டில் ஏவலாள் பின்னாலிருந்து தள்ளவேண்டும். இறக்கம் வந்ததும் அவனும் பின்னால் தொற்றிக்கொள்ளவேண்டும். வீட்டில் சொந்த ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். மிக முன்பே மின்விளக்கு போட்டுவிட்டார். கூரையில் கம்பி தீப்பிடித்தால் விருந்தாளிகள் மெத்தைத் திண்டுகளை எறிந்து அணைப்பார்களாம். சிரிப்பாக இருக்கிறது. அந்தக் கம்பியைத் தொட்டுத் தோட்டத்து ஆள் ஒருவர் இறந்தும்போனார்.

27 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "கொள்கைக்காகப் பதவியைத் தூக்கி எறிந்த குடும்பம் அது, அதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்" என்கிறார்.

ஒப்புக்கொள்கிறேன். 1867இல் வாக்குரிமைக்காக மூன்றாவது மார்க்குவிஸ். 1918இல் வேல்ஸ் திருச்சபை விவகாரத்துக்காகவும் 1927இல் ஆயுதக் குறைப்புக்காகவும் ராபர்ட். 1938இல் முசோலினியோடு பேரம் பேசும் பிரதமர் சேம்பர்லினை எதிர்த்து வெளியுறவு அமைச்சர் ஈடனோடு சேர்ந்து வெளியேறினார் பின்னாளைய ஐந்தாவது மார்க்குவிஸ்; அதற்கு ஒரு வணக்கம். 1957இல், நாடு கடத்தி வைத்திருந்த சைப்ரஸ் பேராயர் மக்காரியோஸை விடுவித்ததைக் கண்டித்து அவரே மறுபடி வெளியேறினார். அதற்கு வணக்கம் கிடையாது. பிற்பாடு ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் ஆட்சிக்கு அவர்தான் லண்டனில் பெரிய வக்கீல். அந்த நாட்டின் தலைநகருக்கு அவருடைய தாத்தாவின் பெயர்தான், சாலிஸ்பரி. 1982இல் ஹராரே ஆயிற்று.

என் பணிக்காலத்தில் ஒரு தவறான நில மாற்றத்தில் கையெழுத்திட மறுத்தேன். அடுத்த வாரம் வேறு மாவட்டத்துக்கு மாற்றல் ஆணை வந்தது. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் கணக்குப் போட்டுவிட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு போனேன், வேலையை விடவில்லை. விட்டிருந்தால் திரும்பிப் போக எனக்கு ஹாட்ஃபீல்ட் இல்லை. அவர்களுக்கு இருந்தது. அதே மாளிகைதான் 1866இல் இரண்டு மாதம் சும்மா இருந்தவரையும் தாங்கிப் பிடித்தது. இதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1 மார்ச்

"இப்போது அதெல்லாம் ஒழிந்துவிட்டதே" என்பவருக்குக் கடைசியாக.

1957 ஜனவரியில் ஈடன் விலகியதும் அடுத்த பிரதமர் யார் என்று அமைச்சர்களை ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்துக் கேட்டவர் அதே ஐந்தாவது மார்க்குவிஸ். அவருடைய பேரன் கிரான்போர்ன், பிரபுக்கள் அவையில் கன்சர்வேடிவ் கட்சித் தலைவராக இருந்தார். டோனி பிளேர் அரசு பரம்பரைப் பிரபுக்களை அவையிலிருந்து நீக்கக் கிளம்பியபோது, தன் கட்சித் தலைவர் ஹேக்குக்குத் தெரியாமல் அரசோடு ரகசிய ஒப்பந்தம் பேசினார். 1998 டிசம்பரில் ஹேக் அவரைப் பதவி நீக்கினார். ஒப்பந்தம் மட்டும் நின்றது: 1999 சட்டத்தில் 92 பரம்பரை இடங்கள் தப்பின. அந்த முதல் ராபர்ட் சிசில், ஜேம்ஸ் மன்னருக்கு எழுதிய ரகசியக் கடிதங்கள் நினைவுக்கு வருகின்றனவா?

2024இல் நிறுத்தும்வரை, அந்த இடங்களில் ஒன்று காலியானால் இடைத்தேர்தல் வைத்தார்கள். 2016இல் லிபரல் டெமாக்ரட் இடம் ஒன்று காலியானது. விதிப்படி ஓட்டுப் போடக்கூடியவர்கள் அந்தக் கட்சியின் மிச்சமிருந்த பரம்பரைப் பிரபுக்கள் மட்டும். வேட்பாளர்கள் 7 பேர், வாக்காளர்கள் 3 பேர். தர்சோ பிரபு மூன்று ஓட்டுகளையும் வாங்கி வென்றார். முந்தைய ஆண்டு பொதுத்தேர்தலில் மக்கள் அவரைத் தோற்கடித்திருந்தார்கள்.